சீசனுக்கு முன் சர்வருக்கு ஒரு சுமை சோதனை

1-2-2018 அன்று வெளி மாநிலத்துக்கு லாரி ஏற்றிய வியாபாரிகள் யாரும் அந்த நாளை மறந்திருக்க மாட்டார்கள். ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு மாநிலம் தாண்டிப் போவதானால் இ-வே பில் கட்டாயம் என்பது அன்றுதான் அமலுக்கு வந்தது. அதற்கு முன் ஜனவரி 16-ந் தேதியிலிருந்தே அந்த இணையதளம் சோதனை ஓட்டமாகத் திறந்திருந்தது. கட்டாயமில்லாத காலமாகையால் விருப்பமுள்ளவர்கள் மட்டும் போட்டுப் பார்த்தார்கள். கட்டாயமான முதல் நாள் காலையில் நாடு முழுவதிலுமுள்ள வியாபாரிகளும் லாரி ஷெட்டுக்காரர்களும் ஒரே நேரத்தில் உள்ளே நுழைந்தார்கள். தளம் திணறி நின்றுவிட்டது. அன்றைக்கே மத்திய அரசு கட்டாயத்தை ஒத்தி வைத்தது. பிறகு 1-4-2018-ல் வெளி மாநிலச் சரக்குக்கும், 2-6-2018-ல் தமிழ்நாட்டுக்குள் போகும் சரக்குக்கும் நடைமுறைக்கு வந்தது.

அரசாங்கத்தால் தேதியை ஒத்தி வைக்க முடிந்தது. நாம் தீபாவளியை ஒத்தி வைக்க முடியாது.

இதை எதற்குச் சொல்ல வருகிறேன் என்றால், இன்றைக்கு நம்மில் பலரும் சொந்தமாக இணையதளம் வைத்து வியாபாரம் செய்கிறோம். விருதுநகர் மார்க்கெட் நிலவரம் பத்திரிகையில் வந்த பிறகு பார்ப்பது போய், காலையில் துவரம் பருப்பு, உளுந்து, வத்தல், மல்லி, நல்லெண்ணெய் விலையைத் தளத்தில் போட்டவுடன் சில்லரைக் கடைக்காரர் போனிலேயே பார்த்து அதிலேயே ஆர்டரும் போட்டுவிடுகிறார். சிவகாசியில் காலண்டர், டைரி வீடுகள் ஆடி பதினெட்டுக்கு ஆல்பம் வெளியிட்டவுடன் ஏஜெண்டுகள் தளத்தில் மாதிரி பார்க்கிறார்கள். பட்டாசுக்கு மட்டும் இது பொருந்தாது. இணையதளத்தின் வழியாகப் பட்டாசு ஆர்டர் வாங்கவும் விற்கவும் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 23-10-2018-ல் உத்தரவிட்டிருக்கிறது. ஆகவே இங்கே ஆர்டர் தளம் என்று நான் எழுதுவதெல்லாம் மற்றச் சரக்குகளைப் பற்றியே.

எனக்குக் கம்ப்யூட்டர் படிப்பு கிடையாது. பள்ளிப் படிப்பை முடித்துக் கிட்டங்கிக்கு வந்தவன். ஆனால் எங்கள் கடையின் தளத்தைக் கவனித்துக்கொள்ளும் தம்பியின் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு சீசன் முழுவதும் கேள்வி மேல் கேள்வி கேட்டுத் தெரிந்துகொண்டதை இங்கே தருகிறேன். எங்கள் தளம் தினமும் காலை பத்தரை மணிக்குத் திணறும். அந்த நேரத்துக்குத்தான் விலைப் பட்டியல் வெளியாகும். சர்வர் வாடகைக்குக் கொடுத்த நிறுவனத்தாரைக் கேட்டால் ஒரே பதில்தான்: பெரிய சர்வருக்கு மாறுங்கள், மாத வாடகை இரண்டு மடங்கு. மாறிவிடலாமா என்று யோசித்தபோது தம்பிதான் தடுத்தார். "அண்ணாச்சி, இருக்கிற சர்வர் எவ்வளவு தாங்குது, எந்த இடத்துல மடங்குதுன்னு முதல்ல பார்த்திருவோம். அதுக்குத்தான் லோடு டெஸ்ட்" என்றார்.

லோடு டெஸ்ட் என்றால் பெரிய வித்தை ஒன்றுமில்லை. நிஜமான வாடிக்கையாளர்கள் வருவதற்கு முன்பே, பொய்யான வாடிக்கையாளர்களை ஒரு மென்பொருள் மூலம் உண்டாக்கி, அவர்களைத் தளத்துக்குள் அனுப்பி, எத்தனை பேர் வரை தளம் சுறுசுறுப்பாக இருக்கிறது, எத்தனையாவது ஆளில் தளர்கிறது, எங்கே விழுகிறது என்று பார்ப்பதே அது. இதைச் செய்யாமல் கடை திறந்தவர்கள் உலகத்தில் பெரிய இடங்களிலும் உண்டு. அமெரிக்க அரசாங்கம் மருத்துவக் காப்பீட்டுக்காக 1-10-2013 அன்று திறந்த தளத்தில் முதல் நாள் பதிவை முடித்தவர்கள் ஆறே பேர். திறப்பதற்குச் சில நாட்களுக்கு முன் நடந்த சோதனையில் சில நூறு பேருக்கே அது மடங்கியது என்று பின்னர் செய்தி வந்தது. மடங்கியதைப் பார்த்த பிறகும் குறித்த தேதியில் திறந்தார்கள்.

முதலில் கூட்டத்தைக் கணக்குப் போடுங்கள்

எந்தக் கருவி வாங்கலாம் என்று கேட்பதற்கு முன், நம் கடையின் நெருக்கடி நேரம் எப்படிப்பட்டது என்று தாளில் எழுத வேண்டும். இதற்கு ஒரு பழைய சூத்திரம் இருக்கிறது. ஜான் லிட்டில் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1961-ல் நிரூபித்தது. கடைக்குள் ஒரே சமயத்தில் நிற்கும் ஆட்கள் எத்தனை என்றால், ஒரு நிமிடத்துக்கு வருகிறவர்களின் எண்ணிக்கையை ஒருவர் உள்ளே இருக்கும் நிமிடங்களால் பெருக்கினால் போதும். நிமிடத்துக்கு இரண்டு பேர் வந்து, ஒவ்வொருவருக்கும் ஐந்து நிமிடம் ஆனால், எப்போதும் பத்துப் பேர் கடையில் நிற்பார்கள். பலசரக்குக் கடை நடத்துகிற எவருக்கும் இது தெரிந்த கணக்குதான்.

இதையே சர்வருக்குப் போடுவோம். 600 கடைக்காரர்கள் பத்தரையிலிருந்து பத்தேமுக்காலுக்குள் வருகிறார்கள், ஒவ்வொருவரும் ஐந்து பக்கங்களைத் திறக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 3,000 பக்கங்கள். 900 விநாடிகளுக்குப் பிரித்தால் விநாடிக்கு மூன்றுக்குச் சற்று மேல். இது ஏமாற்றும் கணக்கு. விலை வந்ததும் பாதிப்பேர் முதல் மூன்று நிமிடத்துக்குள்ளேயே பாய்வார்கள். அந்த 180 விநாடிகளில் 1,500 பக்கங்கள், அதாவது விநாடிக்கு எட்டுக்கு மேல். ஒரு பக்கம் தயாராக அரை விநாடி ஆனால் ஒரே சமயத்தில் சர்வர் கையில் நான்கு வேலை. மூன்று விநாடி ஆனால் இருபத்தைந்து. பத்து விநாடி ஆனால் எண்பத்து மூன்று. வந்த கூட்டம் அதேதான். பக்கம் தாமதமாகத் தாமதமாக உள்ளே நிற்கும் கூட்டம் பெருத்துக்கொண்டே போகிறது. பொறுமையிழந்தவர்கள் மறுபடி மறுபடி தட்டுவதால் வரவும் கூடிவிடும். தளம் படிப்படியாகத் தளராமல் திடீரென்று விழுவதற்கு இதுதான் காரணம்.

கருவிகள்

இப்போது கருவிகளுக்கு வருவோம். நான் சொல்லப்போகும் கருவிகள் எல்லாமே இலவசமாகக் கிடைப்பவை. பணம் கட்டி வாங்கும் கருவிகளும், அவர்களே வெளியிலிருந்து கூட்டத்தை அனுப்பித் தரும் சேவைகளும் உண்டு. நம்மைப் போன்ற கடைகளுக்கு அவை தேவைப்படும் கட்டம் அபூர்வம்.

அப்பாச்சி பெஞ்ச், சுருக்கமாக ஏபி, அப்பாச்சி சர்வருடனேயே வரும் சின்னக் கருவி. மொத்தம் எத்தனை தடவை, ஒரே சமயத்தில் எத்தனை பேர் என்று இரண்டு எண்களைக் கொடுத்து ஒரு பக்கத்தின் முகவரியைக் கொடுத்தால் போதும். ஒரு நிமிடத்தில் கணக்கு வந்துவிடும். ஆனால் அது ஒரே பக்கத்தைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கும். அந்தப் பக்கத்திலுள்ள படங்களைக் கூட இறக்காது. ஒரே மூடையில் நூறு தடவை குத்தூசி போட்டுவிட்டு லாரி முழுவதும் நயம் சரக்கு என்று சொல்வதைப் போன்றது அது. முன்பு ஒரு நிறுவனத்தார் எங்களுக்குக் கொடுத்த சோதனை அறிக்கை இப்படித்தான் இருந்தது. முகப்புப் பக்கத்தை மட்டும் அடித்துப் பார்த்துப் பிரமாதமான எண் போட்டிருந்தார்கள். முகப்புப் பக்கத்தில் யார் ஆர்டர் போடுகிறார்கள்? ஒரு மாற்றத்தைச் செய்துவிட்டு, முன்னைவிடத் தேவலையா என்று சட்டென்று பார்ப்பதற்கு ஏபி உகந்தது. அதற்கு மேல் அதை நம்பக் கூடாது.

சீஜ் என்றொரு கருவி. முற்றுகை என்று பொருள். பல பக்கங்களின் முகவரிகளை ஒரு கோப்பில் எழுதிக் கொடுத்தால் அவற்றை மாற்றி மாற்றிக் கேட்கும். விலைப் பட்டியலை மட்டும் காட்டும் தளமாக இருந்தால், ஆர்டர் எடுக்காதவர்களுக்கு, இதுவே போதும் என்பது என் அபிப்பிராயம்.

ஆர்டர் எடுக்கும் தளத்துக்கு ஜேமீட்டர். 1998-லிருந்து இருக்கும் பழைய கருவி. அப்பாச்சி அமைப்பினர் வெளியிடுவது. இதன் சிறப்பு, நம் வாடிக்கையாளர் செய்வதை அப்படியே பதிவு செய்துகொள்ளும். தம்பி ஒரு தடவை தளத்துக்குள் போய், பெயரும் கடவுச் சொல்லும் கொடுத்து, பட்டியல் பார்த்து, பத்து மூடை உளுந்தைத் தேடி, ஆர்டர் போட்டு வெளியே வந்தார். ஜேமீட்டர் அதைப் பிடித்து வைத்துக்கொண்டது. பிறகு 600 பொய்க் கடைக்காரர்களின் பெயர்ப் பட்டியலை ஒரு கோப்பில் கொடுத்தோம். ஒவ்வொருவரும் வெவ்வேறு பெயரில் நுழைந்து வெவ்வேறு சரக்கைத் தேடினார்கள். இது மிகவும் முக்கியம். எல்லோரும் ஒரே பெயரில் நுழைந்து ஒரே சரக்கைக் கேட்டால், சர்வர் முதல் தடவை தேடியெடுத்ததை நினைவில் வைத்துக்கொண்டு மற்றவர்களுக்கு அதையே நீட்டிவிடும்; சோதனை நன்றாக நடந்ததாகத் தோன்றும். நடுவில் யோசிக்கும் நேரமும் வைக்க வேண்டும். பட்டியலைத் திறந்த கடைக்காரர் அடுத்த பொத்தானைத் தொடப் பத்திருபது விநாடி ஆகும். பொய்க் கடைக்காரர் இடைவெளியே இல்லாமல் தட்டினால் நிஜத்தில் வராத ஒரு பேய்க் கூட்டம் உண்டாகிவிடும்.

ஜேமீட்டரில் குறையும் உண்டு. படப் பலகையைத் திறந்து வைத்துக்கொண்டே சோதனையை ஓட்டினால், சோதிக்கிற கம்ப்யூட்டரே களைத்துவிடும். பலகையில் திட்டத்தைத் தயாரித்து, ஓட்டும்போது பலகை இல்லாமல் கட்டளை மூலம் ஓட்ட வேண்டும் என்பது அவர்களே கொடுத்திருக்கும் அறிவுரை.

தம்பியைப் போன்ற இளைஞர்கள் இப்போது கே-6, லோகஸ்ட் என்ற இரண்டையும் விரும்புகிறார்கள். இரண்டுமே சுவீடனில் பிறந்தவை. கே-6 பின்னர் 2021-ல் கிராஃபனா என்ற நிறுவனத்தின் கைக்குப் போனது. லோகஸ்ட் என்றால் வெட்டுக்கிளி. கிட்டங்கி வைத்திருக்கிற நமக்குப் பெயரே பயமாக இருக்கிறது. இவற்றில் பதிவு செய்வதைவிட, வாடிக்கையாளர் என்ன செய்வார் என்பதைச் சிறிய நிரலாக எழுதுவதே வழக்கம். லோகஸ்ட்டுக்குப் பைத்தான், கே-6-க்கு ஜாவாஸ்கிரிப்ட். உங்கள் தளத்தைக் கவனிப்பவருக்கு எந்த மொழி கைவருமோ அதற்கேற்ற கருவியைப் பிடித்துக்கொள்ளட்டும். கருவியின் பெருமையைவிட, அடுத்த வருடமும் அதே சோதனையை ஓட்டத் தெரிந்த ஆள் இருப்பதே பெரிது. டபிள்யூ.ஆர்.கே. என்றும் ஒன்று உண்டு. சின்னக் கம்ப்யூட்டரிலிருந்தே பெருங்கூட்டத்தை உண்டாக்கும். அந்த அளவு கூட்டம் விருதுநகர் மண்டிக்கு வரப்போவதில்லை.

கருவி எதுவானாலும் ஒரு இடத்தில் ஏமாறாமலிருக்க வேண்டும். இது எனக்குப் புரியவே இரண்டு நாள் பிடித்தது. ஆகவே சற்று விரிவாக எழுதுகிறேன்.

ஒரு கடைக்கு விநாடிக்கு ஒரு ஆள் வீதம் நூறு விநாடி ஆட்கள் வருகிறார்கள். முதல் எண்பது விநாடி கடைப்பையன் சட்டுச் சட்டென்று கொடுக்கிறான். பிறகு இருபது விநாடி தூங்கிவிடுகிறான். நிஜத்தில் என்ன நடக்கும்? அந்த இருபது விநாடியில் இருபது பேர் வந்து நிற்பார்கள். முதலில் வந்தவர் இருபது விநாடி, அடுத்தவர் பத்தொன்பது என்று எல்லோருமே காத்திருப்பார்கள். நூறில் இருபது பேர் முகம் சுளிப்பார்கள். ஆனால் சோதிக்க நாம் அனுப்பியது ஒரே ஆள் என்றால்? அவர் பதில் வந்த பிறகுதான் அடுத்ததைக் கேட்பார். எண்பது தடவை நன்றாக வாங்கினார். எண்பத்தோராவது தடவை இருபது விநாடி நின்றார். அறிக்கையில் 81-க்கு 80 நயம், ஒன்றுதான் மோசம் என்று வரும். கடை தூங்கியபோது கருவியும் சேர்ந்து தூங்கிவிட்டது. இந்தக் கோளாறைக் கில் டெனே என்ற பொறியாளர் எடுத்துக் காட்டி, டபிள்யூ.ஆர்.கே. கருவியையே இதற்காகத் திருத்தியும் வெளியிட்டார். கே-6-லும் ஜேமீட்டரின் புதிய பதிப்புகளிலும், பதில் வந்தாலும் வராவிட்டாலும் குறித்த வேகத்தில் ஆட்களை அனுப்பும் ஏற்பாடு இருக்கிறது. எங்கள் பத்தரை மணிக் கூட்டம் அப்படிப்பட்டது. தளம் தூங்குகிறது என்று தெரிந்து ராஜபாளையத்துக் கடைக்காரர் வராமல் இருக்கப் போவதில்லை. அந்த ஏற்பாட்டைக் கேட்டு வாங்கிச் சோதியுங்கள்.

அறிக்கையைப் படிக்கும்போது சராசரியைப் பார்க்காதீர்கள். நூறு பேரை வேகப்படி வரிசையாக நிறுத்தினால் தொண்ணூற்றைந்தாவது ஆளுக்கு எத்தனை விநாடி ஆயிற்று என்று கேளுங்கள். ஏபி, ஜேமீட்டர், கே-6, லோகஸ்ட் ஆகியவை அதைத் தரும். சராசரி ஒரு விநாடி என்றிருக்கும், தொண்ணூற்றைந்தாவது ஆள் பன்னிரண்டு விநாடி நின்றிருப்பார். 600 பேரில் கடைசி ஐந்து சதவீதம் என்றால் முப்பது கடை. முப்பது வாடிக்கையாளரை அடுத்த மண்டிக்கு அனுப்பிவிட்டுச் சராசரியை வைத்து என்ன செய்வது?

முடுக்கும் வேலை

எங்கள் சோதனையில் தெரிந்தது இது. கூட்டத்தைப் படிப்படியாக ஏற்றினோம். விலைப் பட்டியல் பக்கம் கடைசி வரை தாங்கியது. சரக்கின் பெயரைப் போட்டுத் தேடும் பக்கம்தான் முதலில் மடங்கியது. தம்பி தகவல் தளத்தில் மெதுவான கேள்விகளைக் குறித்துவைக்கும் பதிவேட்டைத் திறந்தார். மை-எஸ்.க்யூ.எல். என்ற தகவல் தளத்தில் இந்த வசதி உண்டு. அதற்குப் பத்து விநாடிக்கு மேல் ஆனால்தான் மெதுவு என்று கணக்கு; அதை ஒரு விநாடியாகக் குறைத்து வைக்க வேண்டும். ஒவ்வொரு தேடலுக்கும் சரக்குப் பேரேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை சர்வர் புரட்டிக்கொண்டிருந்தது. பேரேட்டுக்கு அகர வரிசை அட்டவணை போடாமல் விட்டிருந்தார்கள், தளத்தை முதலில் செய்து கொடுத்தவர்கள். அட்டவணை போட்டதும் அந்தப் பக்கம் சீரானது. பெரிய சர்வருக்கு மாறியிருந்தால் புரட்டும் வேகம் சற்றுக் கூடியிருக்கும். வாடகை மாதா மாதம் இரண்டு மடங்கு போயிருக்கும்.

அடுத்தது ஆட்களின் எண்ணிக்கை. அப்பாச்சி சர்வர் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு ஆளை ஒதுக்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய முறை அமைப்பில் 256 ஆள் வரை என்று அதிலேயே எழுதியிருக்கும். ஒரு ஆளுக்கு 50 எம்.பி. நினைவகம் வேண்டுமென்றால் 256 பேருக்கு 12,800 எம்.பி. நம் சர்வரில் இருப்பதோ 4 ஜி.பி. தகவல் தளத்துக்கும் மற்றதற்கும் ஒன்றரை ஜி.பி. ஒதுக்கினால் மீதி 2,500 எம்.பி.; ஐம்பது ஆளுக்குத்தான் இடம். ஐம்பதுக்கு மேல் உள்ளே விட்டால் சர்வர் நினைவகம் போதாமல் வட்டில் எழுதி எழுதிப் படிக்க ஆரம்பித்து, ஐம்பது பேரின் வேலையும் நின்றுவிடும். ஆகவே ஐம்பது என்று திருத்தி, மற்றவர்களை வாசலில் சிறிது நேரம் வரிசையில் நிறுத்துவதே சரி. மேலே நாம் போட்ட கணக்கைப் பாருங்கள். பக்கம் மூன்று விநாடியில் வந்தால் இருபத்தைந்து ஆள், அடங்கிவிடும். பத்து விநாடி ஆனால் எண்பத்து மூன்று, அடங்காது. பக்கத்தை வேகமாக்குவதுதான் இடத்தைப் பெருக்கும் மலிவான வழி.

இன்னொரு கசிவு. வாடிக்கையாளர் பக்கத்தை வாங்கிய பிறகும், அடுத்ததைக் கேட்பாரோ என்று அந்த ஆள் சும்மா நின்று காத்திருப்பான். அப்பாச்சியில் இது ஐந்து விநாடி. விநாடிக்கு எட்டுப் பக்கம் என்றால் ஏறக்குறைய நாற்பது ஆட்கள் வேலையின்றிக் கைகட்டி நிற்கக் கூடும். ஐம்பதில் நாற்பது! இதை ஒன்று அல்லது இரண்டு விநாடியாகக் குறைக்கலாம். அல்லது என்ஜின்-எக்ஸ் என்ற சர்வரை முன்னால் நிறுத்தலாம். ரஷ்யாவைச் சேர்ந்த இகோர் சிசோயேவ் 2004-ல் வெளியிட்டது. ஒரு ஆளே ஆயிரக்கணக்கான வாடிக்கையாளரைக் கவனித்துக்கொள்ளும்படி அமைந்தது அது. மெதுவான போன் இணைப்பில் வரும் கிராமத்துக் கடைக்காரர்களை அது தாங்கிக்கொள்ளும். பின்னாலிருக்கும் அப்பாச்சி சும்மா நிற்காமல் வேலை பார்க்கும்.

விலைப் பட்டியல் எல்லோருக்கும் ஒன்றுதான். ஆகவே ஒவ்வொருவர் கேட்கும்போதும் புதிதாகத் தயாரிக்க வேண்டியதில்லை. விலை மாறும்போது ஒரே தடவை தயாரித்து, அச்சடித்த நோட்டீஸ் போல வைத்துக்கொண்டு எடுத்து எடுத்துக் கொடுக்கலாம். சரக்குப் படங்களைக் கேமராவில் எடுத்தபடியே நான்கைந்து எம்.பி. அளவில் ஏற்றியிருந்தால் அதையும் சுருக்குங்கள். இவற்றில் எதைச் செய்தாலும் ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, அதே சோதனையை மறுபடி ஓட்டிப் பாருங்கள். நான்கை ஒன்றாக மாற்றினால் எது பலன் கொடுத்தது, எது கெடுத்தது என்று தெரியாது.

சர்வரைத் தொடாமலே செய்யக்கூடியதும் ஒன்றுண்டு. ஜி.எஸ்.டி. தளம் மாதா மாதம் 20-ந் தேதி திணறியதை அறிவோம். 22-1-2020 அன்று மத்திய நிதியமைச்சகம் 3-பி தாக்கலுக்கு 20, 22, 24 என்று மூன்று தேதிகளாகப் பிரித்தது. ஐந்து கோடிக்கு உட்பட்ட தமிழ்நாட்டு வியாபாரிகளுக்கு 22 வந்தது. ஒரே நேரத்தில் ஒன்றரை லட்சம் பேரைத் தாங்கும் சக்தியை மூன்று லட்சமாக உயர்த்துவது பற்றிய முடிவு அதற்குப் பிறகு, 14-3-2020-ல் கூடிய ஜி.எஸ்.டி. கவுன்சிலில்தான் வந்தது. முதலில் கூட்டத்தைப் பிரித்தார்கள், பிறகு இடத்தைப் பெரிதாக்கினார்கள். நாங்களும் விலை வெளியான செய்தியை எல்லோருக்கும் ஒரே சமயத்தில் வாட்ஸ்அப்பில் அனுப்புவதை நிறுத்தினோம். சாத்தூர், கோவில்பட்டி லைனுக்குப் பத்தரை. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் லைனுக்குப் பத்து நாற்பது. அருப்புக்கோட்டை லைனுக்குப் பத்து ஐம்பது. எந்த லைன் முதல் என்பதைத் தினம் மாற்றி வைக்காவிட்டால் மட்டும் சண்டை வரும்.

சோதனை நாளில் கவனிக்க வேண்டியவை

சோதனைக் கருவியைச் சர்வரிலேயே ஓட்டக் கூடாது. கூட்டத்தை உண்டாக்கும் வேலையும் கூட்டத்தைக் கவனிக்கும் வேலையும் ஒரே எந்திரத்தில் நடந்தால் எதன் களைப்பு என்று தெரியாது. கடையிலுள்ள பிராட்பேண்டிலிருந்து ஓட்டினால் பிராட்பேண்டின் சக்தியைத்தான் அளந்திருப்பீர்கள். சில மணி நேரத்துக்கு வேறொரு சர்வரை வாடகைக்கு எடுத்து அங்கிருந்து ஓட்டுவது மலிவு.

ஆர்டர் போட்டால் எஸ்.எம்.எஸ். போகும்படி வைத்திருப்பீர்கள். அதை அணைக்காமல் ஓட்டினால் ஆயிரக்கணக்கில் எஸ்.எம்.எஸ். போய் அதற்கான கட்டணம் உங்கள் தலையில் விழும். பணம் வாங்கும் இணைப்பைச் சோதனை முறைக்கு மாற்றிவிட வேண்டும். பொய் ஆர்டர்கள் நிஜப் பேரேட்டில் ஏறிவிடாமல் தளத்தின் நகல் ஒன்றில் சோதிப்பதே நல்லது. நகல் என்றால் சரக்குப் பட்டியலும் பழைய ஆர்டர்களும் முழுவதுமாக இருக்க வேண்டும். இருபது சரக்கு மட்டும் உள்ள நகலில் எந்தத் தேடலும் வேகமாகத்தான் நடக்கும்.

சர்வர் வாடகைக்குக் கொடுத்தவரிடம் தேதியும் நேரமும் எழுதித் தெரிவித்துச் சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள். சொல்லாமல் ஓட்டினால், யாரோ தாக்குகிறார்கள் என்று உங்கள் தளத்தையே மூடிவிடக் கூடும். பக்கத்துக் கடையின் தளம் எவ்வளவு தாங்குகிறது என்று வேடிக்கை பார்க்க இந்தக் கருவியைத் திருப்பக் கூடாது. 2000-ம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 43, 66 பிரிவுகளின்படி அது குற்றம். மூன்றாண்டு வரை சிறை, ஐந்து லட்சம் வரை அபராதம்.

புதிதாகத் தளம் செய்யக் கொடுக்கிறவர்கள் ஒப்பந்தத்திலேயே இரண்டு வரி சேர்த்துவிடுங்கள். இத்தனை பேர் இத்தனை நிமிடத்துக்குள் வந்து ஆர்டர் போட்டால் தொண்ணூற்றைந்து சதவீதம் பேருக்கு மூன்று விநாடிக்குள் பக்கம் வர வேண்டும் என்பது ஒரு வரி. அதைச் சோதித்த கோப்பையும் நம்மிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது இன்னொரு வரி. கோப்பு நம் கையில் இருந்தால் ஆள் மாறினாலும் அடுத்த வருடம் அதையே ஓட்டலாம். கடைசித் தவணைப் பணத்தை அந்தச் சோதனை முடிந்த பிறகு கொடுப்பது என்று வைத்தால் இரு தரப்புக்கும் மனஸ்தாபம் வராது.

காலண்டர் வீட்டார் ஆனியிலேயே இதை முடித்துவிட வேண்டும். ஆடி பதினெட்டுக்குப் பிறகு அவர்களுக்கு நேரமிருக்காது. பலசரக்கு மொத்த வியாபாரிகளுக்கு ஆவணி போதும். குறை தெரிந்தால் திருத்த ஒரு மாதம் கிடைக்கும். புரட்டாசி பிறந்துவிட்டால் தீபாவளி முடியும் வரை எங்கள் சர்வரில் தம்பியைக்கூடக் கை வைக்க விடுவதில்லை.